இடப்பக்கத்துக் குழாய்

இடப்பக்கத்துக் குழாயையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது பிரேமலதாவின் மனதில் முதலில் வந்தது, வேலை பார்க்கும் கார்கானாவில் மறுபடியும் சுட்டி, அதாவது லீவு, கேட்க வேண்டுமே என்ற எண்ணம்தான். துக்கம் பிறகுதான் வந்தது. அதுவும் ஆர்ப்பாட்டமில்லாமல், வீட்டுக்குப் பழகிய ஆளைப் போல, கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு வயது முப்பத்தைந்து. பிறந்தது தாராவியில், பெற்றோர் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவன் வேல்ராஜும் அந்தப் பக்கத்துக் குடும்பம்தான். பைகளையும் பெட்டிகளையும் உல்லாஸ்நகர்க் கடைகளுக்கு ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுகிறான். தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், கீழே ஒரு அறையும் இரும்பு ஏணி வைத்து மேலே ஒரு அறையுமாக அவர்களுடைய கோலி வீடு. கீழே மாமியார் ஆறுமுகத்தாய், மேலே இவர்கள் இருவரும். அடுத்த சந்தில் பள்ளிப் பைகள் தைக்கும் கார்கானாவில் பிரேமலதா வேலை பார்க்கிறாள். பைகளுக்கு ஜிப் வைப்பது அவள் பொறுப்பு. அங்கே அதைச் செயின் என்பார்கள். வளைவில் துணி சுருங்காமல் செயினைத் திருப்புவது எல்லோருக்கும் வருவதில்லை. அவளுக்கு வந்தது. அதில் அவளுக்குப் பெருமை இருந்ததாகத் தெரியவில்லை. கை பழகிவிட்டது என்று மட்டும் சொல்வாள்.

பள்ளியில் படிக்கும்போது குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள் அவள். வெளியே ஒரு தழும்பு மிஞ்சியது. உள்ளே மிஞ்சியது என்ன என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. சீழ் பரவிய இடங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கருப்பையின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் குழாய்கள் அந்த ஒட்டலில் சிக்கி, நுனி மூடிப்போயின. கல்யாணமாகி, ஊரிலும் பம்பாயிலும் கும்பிடாத சாமி இல்லை என்றான பிறகு, வேல்ராஜுக்கும் பரிசோதனை செய்து அவனிடம் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான், குழாயைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர், மாட்டுங்காவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையின் டாக்டர் வந்தனா. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் பேசும் டாக்டர் என்பதால்தான் முதலில் அவளிடம் போனார்கள்.

வந்தனா தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி விளக்கினாள்.

"இங்க பாருங்கோ. கருப்பைக்கு ரெண்டு கை மாதிரி ரெண்டு குழாய். நுனில விரல் மாதிரி இருக்கும். முட்டை வெளில வந்தா அந்த விரல்தான் வாங்கி உள்ள விடணும். உங்களுக்கு விரலெல்லாம் ஒட்டிண்டு கிடக்கு."

"பிரிச்சு விட முடியாதா டாக்டர்?" என்றான் வேல்ராஜ்.

"முடியும். வயத்துல சின்னதா துவாரம் போட்டு, கேமரா விட்டுப் பார்த்துண்டே ஒட்டினதைப் பிரிக்கலாம். மூடின நுனியைத் திறந்து, விளிம்பை மடிச்சுத் தைக்கலாம். ஆனா திறந்தது திரும்ப மூடிக்கும், சில பேருக்கு. இல்லேன்னா நேரா டெஸ்ட் ட்யூப் பேபிக்குப் போகலாம். அதுக்குக் குழாயே வேண்டாம். உங்களுக்கு வயசு இருக்கு, சேதமும் ரொம்ப மோசம் இல்லை. முதல்ல ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்னு எனக்குத் தோண்றது."

பிறகு பிரேமலதாவைத் தனியாகப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ. நாள் தள்ளிப் போச்சுன்னா உடனே இங்க வரணும். ரிப்பேர் பண்ணின குழாய்லயே கரு தங்கிடற ஆபத்து ஜாஸ்தி. வலியோ ரத்தமோ கண்டா ஒரு நாள்கூட வீட்ல உக்காரப்படாது."

பிரேமலதா தலையாட்டினாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கருப்பை வழியாக நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது வலப்பக்கத்தில் தடையில்லாமல் ஓடியது. இடப்பக்கத்தில் கொஞ்சம் கசிந்தது. "ஒண்ணு போதும்" என்று வந்தனா சொன்னதை வேல்ராஜ் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நம்பிக்கையைப் பெரிய குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். அது ஒரு வேலையும்கூட என்பதை அதைச் செய்கிறவர்கள்தான் அறிவார்கள். தேதி பார்ப்பது, உடம்பில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் வைப்பது, அது பொய்யானதும் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு கீழே இறங்கிச் சோறு வடிப்பது, பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பது. இந்த வேலைக்குச் சுட்டி கிடையாது. பிரேமலதா அதைக் கார்கானா வேலையைப் போலவே முணுமுணுக்காமல் செய்தாள். அதைப் பொறுமை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாததும் வெளியிலிருந்து பார்த்தால் பொறுமை போலத்தான் இருக்கும்.

ஆறுமுகத்தாய்க்கு அந்தச் சந்தில் ஒரு பெயர் இருந்தது. குழந்தை விடாமல் அழுதாலோ, குடித்த பால் தங்காமல் வெளியே வந்தாலோ, பாரம் தூக்கிய ஆளுக்கு வயிறு பிடித்துக்கொண்டாலோ, குடல் ஏறிவிட்டது என்பார்கள். விளக்கெண்ணெயைச் சுட வைத்து, வயிற்றில் மேலிருந்து கீழாகத் தடவி அதை இறக்க வேண்டும். ஆறுமுகத்தாயின் கை அதற்குப் பேர்போன கை. மாஹிமிலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அறுவை முடிந்த மறு வருஷம் ஒரு தடவை நாள் தள்ளியது. பிரேமலதா யாரிடமும் சொல்லவில்லை. முன்பு இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறாள். உடனே ஆறுமுகத்தாய் ஊருக்குப் போன் பண்ணி, சாமிக்குக் காசு முடிந்துவைத்து, பிறகு ஒருநாள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சாப்பாடு இன்னொரு தடவை வேண்டாம் என்று நினைத்தாள். மாட்டுங்காவுக்கும் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கும்போதே ரத்தம் கண்டது. தாமதமாக வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவே இல்லையா என்றால், வந்தது. ஆனால் மாதாமாதம் வருகிற ஒன்றைக் காட்டி டாக்டர் முன்னால் போய் நிற்பது வெட்கமாக இருந்தது.

அன்று வலி தாங்காமல் கார்கானாவிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள்.

"ஏட்டீ, என்ன மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"வயிறு வலிக்கு யத்தே."

"தூரமா?"

"ஆமா. ஆனா இது ஒரு பக்கமா இழுக்கு."

"காலைல தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு ஏணியில ஏறாதன்னு சொன்னேன்லா? கேட்டாத்தான. குடல் ஏறிட்டு. படு அப்படியே."

எண்ணெய் சூடாக இருந்தது. ஆறுமுகத்தாயின் கை நிதானமாக இறங்கியது. இதமாக இருந்தது என்று பிரேமலதா பிறகு ஒரு தடவை சொன்னாள். அந்த இதத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் இருண்டது. உதடு வெளுத்தது. சந்துக்காரர்கள் அவளைப் போர்வையில் வைத்துச் சாலைவரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலப்பக்கத்துக் குழாயில், சாயம் தடையில்லாமல் ஓடிய அந்த நல்ல குழாயில், கரு தங்கி வளர்ந்து வெடித்திருந்தது. வயிறு முழுக்க ரத்தம். குழாயை எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றினார்கள்.

உடம்பு தேறிய பிறகு பிரேமலதா வந்தனாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தடவியதால் வெடித்ததா?

"அப்படிச் சொல்ல முடியாது. தடவியிருக்கப்படாதுதான். ஆனா அது வெடிக்கற கட்டத்துக்கு வந்தாச்சு. நீங்க லேட்டா வந்தேள், அதான்."

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறுமுகத்தாயும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்கும் வயிறு தடவவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம், "கை நடுங்குது தாயி, வேற ஆளப் பாரு" என்று சொல்லி அனுப்பினாள். கை நடுங்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கும் அந்தக் கையைப் பிரேமலதா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரே கோலியில் இருவரும் இதைப் பற்றிப் பேசாமல் இரண்டு வருஷம் இருந்துவிட்டார்கள்.

இப்போது மிஞ்சியிருந்த இடப்பக்கத்துக் குழாய் கெட்டுவிட்டது. ஸ்கேனில் அது வீங்கித் தெரிந்தது. வந்தனா இந்தத் தடவை கைகளை விரித்துக் காட்டவில்லை.

"நுனி மறுபடியும் மூடிண்டு, உள்ள நீர் கோத்துண்டிருக்கு. திரும்பத் திறக்கலாம். ஆனா உள்சுவர் போயிடுத்து, நிலைக்காது. கரு அங்கயே தங்கற பழைய ஆபத்தும் இருக்கு. இதை இப்படியே விட்டுட்டு டெஸ்ட் ட்யூப் பண்ணினா, இந்த நீர் கருப்பைக்குள்ள வடிஞ்சு, வைக்கற கருவைத் தங்க விடாது. அதனால முதல்ல குழாயை எடுத்துடணும். எடுக்கறது கஷ்டம்னா, கருப்பைகிட்ட அடைச்சாவது விடணும். நான் எடுத்துடலாம்னு சொல்லுவேன்."

"எடுத்துட்டா, அப்புறம் தானா தங்குறதுக்கு?" என்றாள் பிரேமலதா.

"வாய்ப்பே கிடையாது. அதை நான் மறைக்கப்படாது."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னாலும் அனேகமா கிடையாது." வந்தனா சேர்த்துச் சொன்னாள்: "எதுவும் பண்ணாம நிறுத்திக்கறதும் ஒரு வழிதான் பிரேமலதா. நிறைய பேர் அதை வழின்னே நினைக்கறதில்லை."

வெளியே வந்ததும் வேல்ராஜ், "உன் இஷ்டம் பிரேமா" என்றான். நல்லவன்தான். ஆனால் உன் இஷ்டம் என்று சொல்வதில் அன்பு கொஞ்சமும், சுமையைத் தோளிலிருந்து இறக்கி வைப்பது கொஞ்சமும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

கார்கானாவில் பக்கத்து மிஷினில் தைப்பவள் ஜுவைரியா. மேலப்பாளையத்துக்காரி, மூன்று பிள்ளைகள். சுட்டி வேண்டும் என்றதும் அவள் மிஷினை நிறுத்தினாள்.

"மறுபடியுமா? ஏன் புள்ள, ஒவ்வொரு வாட்டியும் கிழிச்சுத் தைக்கிறதுக்கு ஒரு செயின் வச்சு விடச் சொல்லேன். வேணுங்கிறப்ப தொறந்து பாத்துக்கிடலாம்."

பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. தையல் கோணிப்போயிற்று.

"பேசாம எம்மூணுல ஒண்ணத் தூக்கிட்டுப் போ. நடுவுல உள்ளவன் ஒனக்குச் சரியா வருவான். ஆனா ரிட்டன் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

"அவனா? அவன் எங்க கோலியையே பிரிச்சுப் போட்டுருவான்."

"அதான் சொல்றேன்ல, ரிட்டன் கெடையாது."

சிரித்து ஓய்ந்த பிறகு ஜுவைரியா, "வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம்னு சொல்லிரு புள்ள. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாக" என்றாள். பிரேமலதா கோணிய தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றும் தோன்றவில்லை. வேண்டும் என்று நினைப்பதற்குத்தான் மூச்சு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் வீட்டில் பேச்சு எழுந்தது. ஆறுமுகத்தாய் மருமகளைப் பார்த்துப் பேசவில்லை, மகனிடம்தான் பேசினாள்.

"ஏல, இருக்கிற ஒண்ணையும் வெட்டிப் போடணுமாமே?"

"டாக்டர் சொல்லுதாவம்மா."

"டாக்டருக்கென்ன? வெட்டுததுதான அவியளுக்குச் சோலி. சான்பாடாவுல நம்ம பக்கத்துப் பிள்ள ஒருத்திக்கு ஒத்தக் குழாய்லயே ஆம்பளப் பிள்ள பெறந்திருக்கு. இருக்கது இருந்துட்டுப் போவட்டும். அது என்ன சோறா கேக்குது?"

வேல்ராஜ் டெம்போ சாவியை எடுத்துக்கொண்டான். "நீங்களே பேசி முடிங்க. எனக்கு லோடு நிக்கி." ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லோடு இல்லை என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

அவன் போனதும் பிரேமலதா மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆறுமுகத்தாய் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யத்தே, அன்னைக்கு நீங்க தடவுனதால வெடிக்கல."

"ஒங்கிட்ட யாரு கேட்டா?"

"டாக்டர் அப்பவே சொல்லிட்டாவ. லேட்டா வந்ததுதான் தப்புன்னாவ. நாள் தள்ளுனா ஒடனே வரணும்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லி வச்சிருந்தாவ. நாந்தான் ஒங்ககிட்ட சொல்லல."

முறம் அசையவில்லை.

"எப்பச் சொன்னா டாக்டரு? வெடிச்சதும் சொன்னாளா?"

"ஆமா."

"ரெண்டு வருசமாச்சேட்டி."

"ஆமா யத்தே."

"ரெண்டு வருசமா நான் எங் கையப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். ஒனக்குத் தெரியும்லா? மேல இருந்து இறங்கி வாரப்பல்லாம் பாத்திருப்பியே?"

"பாத்தேன்."

"பாத்தும் சொல்லல. கல்லுட்டி நீ. ஒன் மனசு கல்லு."

பிரேமலதா மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அழுகையில் போய் முடிந்திருக்கும். சொல்ல வந்தது சொல்லாமலே போயிருக்கும்.

"அந்தக் குழாய் இருந்தா என்னைக்காவது சரியாயிரும், நீங்க செஞ்சது இல்லன்னு ஆயிரும்னு நெனக்கியோ. அதுக்காவ அத நீங்க பிடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். நீங்க ஒண்ணும் செய்யல."

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லல."

"அப்ப ஒனக்குப் பிள்ள வேண்டாமா?"

"வேண்டாம்னு சொல்லல யத்தே. காத்துக்கிட்டு இருக்க முடியலங்கேன். மாசாமாசம் எண்ணி எண்ணி அலுத்துப் போச்சு. அது இருக்க மட்டும் எண்ணிக்கிட்டேதான் இருப்பேன். அனேகமா கெடையாதுன்னு சொன்னாலும் எண்ணத்தான் செய்யும். அத எடுத்துட்டா எண்ண வேண்டாம்லா?"

ஆறுமுகத்தாய் முறத்தை நேராகப் பிடித்தாள். பிறகு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். வேண்டியதைவிடப் பலமாகப் புடைத்தாள். "எங்கிட்ட எதுக்குக் கேக்க? எடுக்கணும்னா எடு. நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், பாத்துக்க" என்றாள்.

ஆனால் வந்தாள். அறுவை நாளன்று, எல்லோருக்கும் முன்னால் கிளம்பி நின்றது அவள்தான். மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வார்டு ஆயாவிடம் வெந்நீர் ஆறிப்போயிருக்கிறது என்று தமிழில் சண்டை போட்டாள். ஆயா மராட்டியில் திருப்பிச் சண்டை போட்டாள். இரண்டு பேரும் எதிராளி சொல்வது முழுக்கப் புரிந்ததைப் போலவே சண்டையை நடத்தி முடித்தார்கள். வெந்நீர் வந்தது.

குழாய் ஒட்டலிலிருந்து சுலபமாகவே பிரிந்து வந்தது என்றாள் வந்தனா. தையல் ஆறியதும் பார்க்க வந்தபோது, டெஸ்ட் ட்யூப் சிகிச்சையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். வேல்ராஜ் மனைவியைப் பார்த்தான்.

"கொஞ்ச நாள் சும்மா இருக்கேன் டாக்டர்" என்றாள் பிரேமலதா.

"முப்பத்தஞ்சு ஆறது. ரொம்பத் தள்ளப்படாது."

"தெரியும்."

வந்தனா தேதி குறிக்காமல் சீட்டை மடித்துக் கொடுத்தாள்.

ஆறுமுகத்தாய் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறாள். அந்தக் கோபம் நியாயமானதுதான். முன்பிருந்த மௌனத்துக்கு அது மேல் என்று பிரேமலதா நினைக்கிறாள். கோபக்காரியோடு ஒரே கோலியில் இருப்பது சுலபம் என்று மட்டும் ஜுவைரியாவிடம் சொன்னாளாம்.

சிகிச்சைக்குப் போவாளா, எப்போது போவாள் என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. அறுவைக்குப் பிந்திய மாதம், பள்ளி திறக்கும் நேரம். கார்கானாவில் பைகள் கூரைவரை குவிந்து கிடந்தன. தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வந்துவிட்டது. ஜுவைரியாவிடம் பேட் வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். அரைப் பை தைத்த பிறகுதான், இந்த மாதம் தேதியே பார்க்கவில்லை என்பது உறைத்தது. அதில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. ஏதோ ஓரிடத்தில் வலிக்காமல் இருந்தது. இடுப்பு மட்டும் கழன்று போவதுபோல் இருந்ததால், பின்னால் ஒரு பழைய பையை மடித்துச் செருகிக்கொண்டு அடுத்த பையை எடுத்தாள்.